கேட்கும்வரை காத்திருந்த அரசு: கத்ரீனா சூறாவளியும் நியூ ஆர்லியன்ஸ் நகரமும்



பொது நிர்வாகம் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் ஒரே ஒரு நகரத்தைப் பற்றியும் அதைத் தாக்கிய ஒரே ஒரு சூறாவளியைப் பற்றியும் பேசப் போகிறேன். 2005 ஆகஸ்ட் 29 திங்கட்கிழமை காலையில் அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரையைக் கத்ரீனா கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் மூழ்கியது. இறந்தவர்கள் 1,833 பேர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிறகு 2023-இல் தேசியச் சூறாவளி மையம் அதை 1,392 என்று திருத்தியது. லூசியானாவில் மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். பொருள் இழப்பு அன்றைய மதிப்பில் சுமார் 125 பில்லியன் டாலர்.

உலகிலேயே மிகுந்த பணமும், மிகுந்த ஹெலிகாப்டர்களும், மிகத் துல்லியமான வானிலைக் கணிப்பும் கையில் இருந்த ஓர் அரசு தன் சொந்த நகரத்துக் கிழவர்களுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்க நாள்கணக்கில் ஏன் தாமதித்தது? இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டுவிட்டன. திறமையில்லாத அதிகாரி என்றார்கள், இனப்பாகுபாடு என்றார்கள், கட்சிப் பகை என்றார்கள். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. எனினும் இவை அனைத்துக்கும் அடியில் ஒரு நிர்வாகப் பழக்கம் இருந்தது என்பது என் துணிபு. கேட்டால் தருவோம், கேட்கும்வரை காத்திருப்போம் என்ற பழக்கம் அது.

முதலில், தெரியாமல் நடந்தது என்ற வாதத்தை ஒதுக்கிவிடுவோம். நியூ ஆர்லியன்ஸ் ஒரு கிண்ணம். ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, மறுபக்கம் பான்சட்ரெய்ன் ஏரி, நடுவே ஏறத்தாழப் பாதி நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே. கரை உடைந்தால் தண்ணீர் தானாக வடியாது, இறைத்துத்தான் ஆகவேண்டும். இது அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2004 ஜூலையில் கூட்டாட்சி அரசின் அவசரகால மேலாண்மை முகமையான ஃபீமாவும் மாநில அதிகாரிகளும் ஐந்து நாள் ஓர் ஒத்திகை நடத்தினார்கள். கற்பனைச் சூறாவளிக்குப் பாம் என்று பெயர் வைத்தார்கள். நகரம் மூழ்கும், சுமார் 60,000 பேர் சாவார்கள், வண்டியில்லாத ஒரு லட்சம் பேர் வெளியேற வழியின்றித் தங்கிவிடுவார்கள் என்று அந்த ஒத்திகையில் கணக்கிட்டார்கள். மேற்கொண்டு நடக்கவேண்டிய கூட்டங்கள் சில பணமில்லை என்று தள்ளிப்போயின. பதின்மூன்று மாதம் கழித்துக் கத்ரீனா வந்தது.

சனிக்கிழமை இரவு தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட் தானே தொலைபேசியை எடுத்து ஆளுநர் கேத்லீன் பிளாங்கோவையும் மேயர் ரே நேகினையும் அழைத்து எச்சரித்தார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதலமைச்சர் இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.) ஞாயிறன்று நடந்த காணொலிக் கூட்டத்தில் டெக்சாஸ் பண்ணை வீட்டிலிருந்து குடியரசுத் தலைவர் புஷ்ஷும் கலந்துகொண்டார். அங்கும் மேஃபீல்ட் கரைகளைப் பற்றிய தன் கவலையைச் சொன்னார். தகவல் உச்சிவரை சென்று சேர்ந்துவிட்டது.

நன்றாக நடந்ததையும் சொல்லவேண்டும். முந்தைய ஆண்டு ஐவன் சூறாவளியின்போது நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக மக்கள் சிக்கிக்கொண்டார்கள். பிளாங்கோவின் அரசு அந்தப் பாடத்தைப் படித்து, சாலையின் இரு பக்கங்களையும் ஊரைவிட்டு வெளியேறும் திசைக்கே திருப்பிவிடும் திட்டத்தைச் செப்பனிட்டிருந்தது. அதனால் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் தென்கிழக்கு லூசியானாவிலிருந்து இரண்டே நாளில் வெளியேறினார்கள். இது சிறிய சாதனை அல்ல. ஆனால் அந்தத் திட்டம் கார் வைத்திருப்பவர்களுக்கானது. நேகின் கட்டாய வெளியேற்ற ஆணையை ஞாயிறு காலைதான் பிறப்பித்தார். அதற்குள் பேருந்து ஓட்டுநர்களும் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளிப் பேருந்துகள் வரிசை வரிசையாகத் தண்ணீரில் மூழ்கி நின்ற படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாதக் கடைசி வேறு. உதவித்தொகையை நம்பி வாழ்ந்தவர்களிடம் விடுதி வாடகைக்கும் பெட்ரோலுக்கும் காசில்லை. கிளம்ப மறுத்தவர்கள் என்று பிறகு பழிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் கிளம்ப வழியில்லாதவர்கள்.

இனி அந்தப் பழக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பேரிடர் உதவியை முறைப்படுத்துவது 1988-இல் இயற்றப்பட்ட ஸ்டாஃபர்ட் சட்டம். உள்ளூர் நிர்வாகம் முதலில் சமாளிக்கவேண்டும். முடியாதபோது மாநிலத்தைக் கேட்கவேண்டும். மாநிலத்தால் முடியாதபோது ஆளுநர் குடியரசுத் தலைவரைக் கேட்கவேண்டும். சாதாரண வெள்ளத்துக்கும் புயலுக்கும் இது நல்ல சட்டம். மாநில உரிமையைக் காக்கிறது, வீண்செலவைத் தடுக்கிறது. கூட்டாட்சியில் நம்பிக்கையுள்ள எவரும் இதை எளிதில் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கேட்கவேண்டிய வாயே மூழ்கிவிட்டால் என்ன செய்வது? 911 அவசர அழைப்பு மையம் நீருக்குள், கைப்பேசிக் கோபுரங்கள் விழுந்துவிட்டன, மேயர் தொலைபேசி இல்லாமல் ஓட்டல் அறை ஒன்றில் இருக்கிறார். என்ன வேண்டும், எத்தனை வேண்டும், எங்கே வேண்டும் என்று படிவத்தில் எழுதிக் கேட்கச் சொன்னால் யார் எழுதுவது?

இந்தச் சிக்கல் ஒருமுறை முன்பே வந்திருக்கிறது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவைத் தகர்த்தபோது, மாநிலம் முறைப்படி கேட்டதா இல்லையா என்ற தகராறிலேயே நாள்கள் கடந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டத்தின் அவசரகால இயக்குநராக இருந்த பெண்மணி, உதவிப்படை எங்கே என்று தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் ஆத்திரத்தோடு கேட்ட பிறகுதான் வாஷிங்டன் அசைந்தது. மறு ஆண்டு ஜேம்ஸ் லீ விட் ஃபீமாவின் தலைவரானார். ஆர்கன்சா மாநிலத்தில் பேரிடர் பணி செய்து அனுபவப்பட்டவர். புயல் வருமுன்பே பொருளையும் ஆளையும் அருகில் கொண்டுபோய் நிறுத்துவதை அவர் வழக்கமாக்கினார். 1996-இல் அவருக்கு அமைச்சரவைத் தகுதி கிடைத்தது. குடியரசுத் தலைவரிடம் நேரே பேசமுடிந்தது. பிறகு செப்டம்பர் 11 தாக்குதல் வந்தது. 2003-இல் ஃபீமா புதிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் போனது. அந்தத் துறையின் கண் முழுதும் பயங்கரவாதத்தின் மீதே இருந்தது. அனுபவசாலிகள் பலர் விலகினார்கள். 2005-இல் தலைவராக இருந்த மைக்கேல் பிரவுன் ஃபீமாவில் சேருமுன் அரபுக் குதிரைகள் சங்கம் ஒன்றில் அதிகாரியாக இருந்தவர்.

அந்த நாட்டின் பேரிடர்த் திட்டத்தில் ஒரு பின்னிணைப்பு இருந்தது. பெருங்கேடு என்று தெரிந்தால் மாநிலம் கேட்கும்வரை காத்திராமல் உதவியை முன்கூட்டியே தள்ளிவிடலாம் என்று அது அனுமதித்தது. அதாவது நான் குறை சொல்கிற பழக்கத்தை உடைக்கும் வழி எழுத்திலேயே இருந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் மைக்கேல் செர்டாஃப் அதைப் பயன்படுத்தவில்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிகழ்வு என்ற அறிவிப்பைக்கூடச் செவ்வாய்க்கிழமைதான் செய்தார். என்னைப் பொறுத்தவரை கத்ரீனாவின் மிகப் பெரிய தலைமைத் தோல்வி இதுதான். பிரவுனின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. அவர் செப்டம்பர் 12-இல் பதவி விலகினார். அதிகாரம் கையில் இருந்தும் அதை எடுக்காமல் விட்டவர்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சூறாவளி கரை கடந்தபோது நியூ ஆர்லியன்ஸ் நகருக்குள் ஃபீமாவின் ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். பெயர் மார்ட்டி பஹமோண்டே. மக்கள் தொடர்புப் பணியாளர். 17-ஆம் தெருக் கால்வாயின் சுவர் உடைந்த செய்தி காலை 11 மணியளவில் அவருக்குக் கிடைத்தது. மாலையில் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்து உடைப்பைத் தன் கண்ணால் பார்த்தார். இரவு ஏழு மணி வாக்கில் பிரவுனிடம் நேரடியாகத் தெரிவித்தார். அன்று மாலை வாஷிங்டனில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயற்பாட்டு மையம் கரைகள் உடையவில்லை என்ற பொருளில் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. அந்த மையத்தின் இயக்குநர் மேத்யூ ப்ராட்ரிக் பிறகு செனட் விசாரணையில் விளக்கம் சொன்னார். பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் மக்கள் மகிழ்ச்சியாகக் குடித்துக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததும், நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று நினைக்க ஒரு காரணமாயிற்று என்றார். அந்தப் பகுதி நகரத்தின் மேட்டு நிலம். நேரில் பார்த்தவனின் சொல் மேலே ஏறவில்லை.

பேருந்துகளின் கதையும் இதே போக்கில்தான் போயிற்று. திங்கட்கிழமையே 500 பேருந்துகள் வேண்டும் என்று மாநிலம் ஃபீமாவிடம் கேட்டது. ஏற்பாடு ஆகிறது என்று பதில் வந்தது. போக்குவரத்துத் துறைக்கு ஃபீமா அந்தப் பணியை ஒப்படைத்தது புதன்கிழமை அதிகாலை 1.45-க்கு. அதற்குள் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்சாரமும் கழிப்பறையும் இல்லாமல் வெக்கையில் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். மாநாட்டு மையத்தில் இன்னும் ஓர் இருபதாயிரம் பேர். அங்கே உணவுமில்லை, தண்ணீருமில்லை. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த வியாழக்கிழமை, செர்டாஃப் வானொலிப் பேட்டியில் அப்படியொரு தகவல் தனக்கு வரவில்லை என்றார். வெள்ளிக்கிழமைதான் அங்கே தண்ணீரும் படையினரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே நாள்களில் தன்னார்வத்தோடு வந்த தீயணைப்பு வீரர்களை அட்லாண்டாவில் நிறுத்தி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டி ஏற்றிய லாரிகளில் சில வடகோடி மெய்ன் மாநிலம்வரை போய்ச் சேர்ந்தன. உலக நாடுகள் சொன்ன உதவியில் மிகச் சிறு பகுதிதான் பாதிக்கப்பட்டவர்களைச் சென்றடைந்தது. கொடுக்க வந்த கையைப் பற்றவும் ஆளில்லை. சுனாமியில் சிதைந்து எட்டு மாதமே ஆகியிருந்த இலங்கை 25,000 டாலர் கொடுத்தது. இந்திய விமானப் படையின் சரக்கு விமானம் ஒன்று தார்ப்பாயும் போர்வையும் ஏற்றிக்கொண்டு ஆர்கன்சாவில் போய் இறங்கியது.

அதே அமெரிக்க அரசின் இன்னொரு கை மிக நன்றாக வேலை செய்தது. கடலோரக் காவல் படை புயலின் பாதையிலிருந்து தன் ஹெலிகாப்டர்களையும் கப்பல்களையும் முன்னதாகவே விலக்கி நிறுத்தியிருந்தது. காற்று தணியத் தொடங்கியதும் திங்கள் மதியமே அவை புயலின் வால் பிடித்துத் திரும்பி வந்தன. கூரைக்கடியில் சிக்கியவர்களை மீட்கக் கோடரி வேண்டும் என்று களத்தில்தான் தெரிந்தது. வீரர்கள் கிடைத்த இடத்தில் கோடரியை வாங்கிக்கொண்டு வெட்டினார்கள். எந்தக் கோப்புக்கும் காத்திருக்கவில்லை. 33,000-க்கும் மேற்பட்டோரை அந்தப் படை மீட்டது அல்லது பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியது. களத்திலிருக்கும் அதிகாரியே நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பது அந்தப் படையின் நெடுநாள் மரபு. லூசியானாவின் வனவிலங்கு, மீன்வளத் துறையினரும் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு அதேபோலத் தாமாகவே இறங்கினார்கள். அவர்களோடு ஊர் மீனவர்களும் போனார்கள். தலைமைப் பண்பு பற்றி மேலாண்மைக் கல்லூரிகளில் எவ்வளவோ பாடம் நடக்கிறது. கீழே இருப்பவனுக்கு முன்கூட்டியே கொடுத்துவைத்த அதிகாரம்தான் அந்தத் திங்கள் மதியம் உயிர் காத்தது.

வாய்ச்சொல்லும் தலைமையின் வேலைதான். மேயரும் காவல்துறைத் தலைவரும் சூப்பர்டோமில் கொலையும் குழந்தைகள்மீது வன்கொடுமையும் நடப்பதாகத் தொலைக்காட்சியில் பேசினார்கள். பின்னர் விசாரித்தபோது அந்தப் பயங்கரக் கதைகளில் பெரும்பாலானவை பொய்யென்று தெரிந்தது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு நிவாரண வண்டிகள் ஆயுதக் காவலுக்காகக் காத்து நின்றன. தாகத்தில் தவித்த மக்கள் கலகக்காரர்களாகக் காட்டப்பட்டார்கள். ராணுவ லெப்டினன்ட் ஜெனரல் ரஸல் ஹானொரே வந்து சேர்ந்ததும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தெருவில் நின்ற வீரர்களிடம் துப்பாக்கியைக் கீழே இறக்கச் சொன்னது. அவரும் லூசியானா மண்ணில் பிறந்தவர். எதிரே நிற்பவர்கள் தன் ஊர்க்காரர்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செப்டம்பர் 9-இல் கடலோரக் காவல் படையின் தாட் ஆலன் முழுப் பொறுப்பை ஏற்ற பிறகு பணி ஓர் ஒழுங்குக்கு வந்தது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். நகரத்தைப் பெரும்பாலும் மூழ்கடித்தது காற்றல்ல. கூட்டாட்சி அரசின் ராணுவப் பொறியாளர் படை வடிவமைத்த தடுப்புச் சுவர்கள். 17-ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடுமுன்பே, அடிமண் நழுவிச் சுவர் சாய்ந்தது. 2006-இல் வெளிவந்த தன் அறிக்கையில் அந்தப் படையே தன் குறைகளை ஒப்புக்கொண்டது. ஆனால் 1928-ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டம் அரசுக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதனால் அந்தக் கால்வாய்ச் சுவர்கள் குறித்து மக்கள் தொடுத்த வழக்கு 2008 ஜனவரியில் தள்ளுபடியானது. தவற்றை ஒப்புக்கொண்டவர் ஈடு தரவேண்டியதில்லை என்று சட்டம் சொன்னபோது, இழந்தவர்களின் கையில் மிஞ்சியது நிவாரண விண்ணப்பம் மட்டுமே.

மீட்சிக் காலத்திலும் அந்தப் பழைய பழக்கம் வேறு உருவில் வந்தது. மாநில அரசு நடத்திய ரோடு ஹோம் திட்டம், வீடிழந்த சுமார் 1,30,000 குடும்பங்களுக்குக் கூட்டாட்சிப் பணத்திலிருந்து 9 பில்லியன் டாலர் அளவுக்குப் பகிர்ந்தது. அளவில் பெரிய திட்டம். ஆனால் தொகையைக் கணக்கிட்ட விதத்தைக் கவனியுங்கள். புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை. வெள்ளையர் பகுதியிலும் கறுப்பினத்தவர் பகுதியிலும் ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், ஒரே விலை மரமும் ஓடும். ஆனால் கறுப்பினப் பகுதியில் வீட்டின் சந்தை மதிப்பு குறைவு. ஆகவே கிடைத்த தொகையும் குறைவு. வீட்டை எழுப்ப அது போதவில்லை. 2008-இல் வழக்குப் போட்டார்கள். 2011-இல் 62 மில்லியன் டாலர் தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. ஆறு ஆண்டில் எத்தனைபேர் மனம் சோர்ந்து ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் தங்கிவிட்டிருப்பார்கள்! பாட்டன் கட்டிய வீட்டில் எழுத்து மாற்றாமல் தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பத்திரம் காட்ட முடியாமல் வரிசையிலிருந்தே விலக நேர்ந்தது. உரிமைப் பத்திரத்தை முன்வந்து தேடி ஒழுங்குபடுத்தித் தரும் வேலையை அரசு தன் வேலையாக எண்ணவில்லை; கொண்டுவந்தால் பார்ப்போம் என்றது.

நகரத் திட்டமிடலில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 2006 ஜனவரியில் மேயரின் குழு வெளியிட்ட வரைபடத்தில், எதிர்காலப் பூங்காக்களுக்கான இடங்களைப் பச்சைப் புள்ளிகளால் குறித்திருந்தார்கள். அந்தப் புள்ளிகளுக்குக் கீழே மக்களின் வீடுகள் இருந்தன. தாழ்ந்த நிலத்தில் மீண்டும் குடியேறலாமா என்பது கேட்கவேண்டிய கேள்விதான். அதை வேறூர்களில் சிதறிக் கிடந்த மக்களிடம் கேட்காமல், நாளிதழின் வரைபடம் மூலம் தெரிவித்தது மன்னிக்க முடியாதது. கொதித்தெழுந்த மக்களைக் கண்டு மேயர் பின்வாங்கினார். பின்வாங்கி வேறு திட்டம் வைத்தாரா என்றால் அதுவும் இல்லை. அவரவர் விருப்பப்படி திரும்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கேட்கவேண்டிய இடத்தில் கேட்கவில்லை. முடிவெடுக்கவேண்டிய இடத்தில் எடுக்கவில்லை. 2000-இல் 4,84,674 பேர் வாழ்ந்த நகரத்தில் 2010 கணக்கெடுப்பின்படி 3,43,829 பேர்தான் இருந்தார்கள்.

பச்சைப் புள்ளி விழுந்த பிராட்மோர் பகுதி மக்கள் தாங்களே வீடு வீடாகக் கணக்கெடுத்துத் தங்கள் பகுதிக்கான திட்டத்தை எழுதினார்கள். கிழக்கு எல்லையில் வெர்சாய் என்னும் வியட்நாமியர் குடியிருப்பில், வாடிக்கையாளர் இருந்தால்தான் மின்கம்பி இழுக்க முடியும் என்று மின்நிறுவனம் சொல்லிற்று. அங்கிருந்த தேவாலயத்தின் பங்குத்தந்தை திரும்பிவந்த குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைத் திரட்டிக்கொண்டுபோய்க் கொடுத்து மின்சாரம் வாங்கினார். இந்தக் கதைகளைச் சமூகத்தின் மீள்திறன் என்று புகழ்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த மக்கள்மீது மிகுந்த மரியாதை. ஆனால் அரசு செய்யத் தவறியதற்கு அந்தப் புகழ்ச்சி மூடியாகிவிடக் கூடாது. ஒழுங்கமைய வழி தெரியாத பகுதி அழிந்துபோகலாம் என்று எந்த அரசும் முடிவு செய்ய முடியாது.

பிறகு திருத்தங்கள் வந்தன. 2006 அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டம், பெருங்கேட்டில் ஃபீமா மாநிலத்தின் கோரிக்கைக்குக் காத்திராமல் செயல்படலாம் என்று தெளிவாக்கியது. ஃபீமாவின் தலைவருக்கு அவசரகால மேலாண்மை அனுபவம் வேண்டும் என்றும் விதித்தது. 2008-இல் குஸ்தாவ் சூறாவளி வந்தபோது நகர நிர்வாகமே பேருந்தும் ரயிலும் ஏற்பாடு செய்து, காரில்லாத சுமார் 18,000 பேரை முன்கூட்டியே வெளியே அனுப்பியது. மூன்றே ஆண்டில் வந்த மாற்றம் அது. புதிய தடுப்பு அரண்களுக்குச் சுமார் 14.5 பில்லியன் டாலர் செலவானது. 2021-இல் கத்ரீனா வந்த அதே ஆகஸ்ட் 29-இல் ஐடா வந்தபோது அந்த அரண்கள் தாங்கின.

ஆனால் ஐடாவில் நகரம் முழுதும் மின்சாரம் போனது. மூத்தோர் தனித்து வாழும் அடுக்குமாடிகளில் மின்தூக்கி நின்றது, அனல் ஏறியது. சில நாள் கழித்துக் கதவைத் தட்டிய நகரச் சுகாதாரப் பணியாளர்கள் இறந்துகிடந்த முதியவர்களைக் கண்டார்கள். சுவருக்குச் செலவிட்ட அக்கறையில் சிறு பங்கு போதும், எந்த மாடியில் எந்த மூதாட்டி இருக்கிறார் என்று முன்பே எழுதிவைத்திருக்க. அதன்பின்தான் நகர மன்றம் அத்தகைய கட்டடங்களுக்கு உரிமமும் அவசரத் திட்டமும் கட்டாயம் என்றது.

கத்ரீனாவின் இருபதாம் ஆண்டான 2025 ஆகஸ்டில், ஃபீமாவின் இந்நாள், முன்னாள் பணியாளர்கள் 180-க்கும் மேற்பட்டோர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 2006 சட்டம் கேட்கும் அனுபவம் இல்லாதவர்கள் முகமையை நடத்துகிறார்கள், ஆள்குறைப்பு நடக்கிறது, கத்ரீனாவுக்கு முந்தைய நிலைக்கே திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்று அதில் சொன்னார்கள். பெரும்பாலோர் அச்சத்தால் பெயரை மறைத்துக்கொண்டார்கள். பெயரோடு கையெழுத்திட்டவர்களில் பலர் உடனே விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். பொது நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் செனட் குழு 2006-இல் வெளியிட்ட கத்ரீனா அறிக்கையையும் இந்தக் கடிதத்தையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் சிலர் நாளை ஒரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் உட்காருவீர்கள். களத்திலிருந்து யாரோ ஒருவர் கண்ணால் கண்டதைச் சொல்ல அழைப்பார். அந்த அழைப்பை எடுப்பதற்கு உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.